விரைந்தெழு டர்போ இலக்கணம்

பாயிரம்

நூல் எழுதப் புகுந்தவர் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது நம் மரபு. அவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். டர்போவைப் பற்றிய நூலே தாமதமாகக் கிளம்பினால் மதிப்பாக இராது. ஆக்கியோன் பெயரைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மெக்கானிக் கடை வாசலில் நின்று கருத்துச் சொன்னவர் அத்தனை பேரும் இதன் ஆக்கியோரே. வழி: இது வழிநூல். முதல்நூல், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் பதிந்த காப்புரிமை. எல்லை: வடக்கே முதல் வளைவு, தெற்கே கடைசி வளைவு, இடைப்பட்ட சுற்று ஏறக்குறைய 1 கிலோமீட்டர் முதல் 3 கிலோமீட்டர் வரை. நூற்பெயர் மேலே கண்டது. யாப்பு உரைநடை, இடையிடையே நூற்பா முயற்சியும் உண்டு, பொறுத்தருள்க. நுதலிய பொருள்: குறுந்தடக் கார் பந்தயத்துக்குச் சட்டென்று சுழன்றெழும் டர்போவைத் தேர்ந்தெடுப்பது. கேட்போர்: கையில் காசும் மனத்தில் குழப்பமும் உடையோர். பயன்: காசு எப்படியும் குறையும், குழப்பமும் சேர்ந்து குறைந்தால் நூல் வென்றது.

பொது இயல்

எஞ்சின் வெளியேற்றும் சூடான புகையின் வழியில் ஒரு சக்கரம். அதற்கு டர்பைன் என்று பெயர். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், அது கம்ப்ரஸர். புகை முன்னதைச் சுழற்ற, பின்னது வெளிக்காற்றை உறிஞ்சி நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம், சக்தி கூடும். இரண்டு சக்கரமும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடியவை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புகை நிறைய வந்தால்தான் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால்தான் காற்று நிறைய வரும். காற்று நிறைய வந்தால்தான் புகை நிறைய வரும். இந்த வட்டத்துக்குள் முதலில் காலெடுத்து வைப்பது யார் என்பது தீரும்வரை கார் சும்மா உருண்டுகொண்டிருக்கும். அந்த இடைவெளியைத்தான் பந்தயக்காரர்கள் டர்போ லேக் என்று சொல்லி, கூடவே அச்சில் ஏற்ற முடியாத வேறு சொற்களையும் சொல்கிறார்கள்.

பூஹியை இதற்குக் குறை சொல்ல முடியாது. அவர் மனத்தில் இருந்தவை ஒரே வேகத்தில் நாள்கணக்கில் ஓடும் பெரிய எஞ்சின்கள். 1920-களில் டர்போ கப்பலேறியது. கப்பலுக்குக் கொண்டை ஊசி வளைவு கிடையாது. டர்போ வைத்த கார்களை வாடிக்கையாளருக்கு விற்கத் தொடங்கியது 1962-இல், அமெரிக்காவில்: ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் ஆகிய இரண்டும். கப்பலுக்குப் பிறந்த பொருளை வளைவு நிறைந்த தடத்தில் இறக்கியது நாம், துன்பமும் நம்முடையதே.

தட இயல்

தடம் நெடிது, குறிது என இருவகை. நெடுந்தடத்தில் டர்போ ஒருமுறை எழுந்துவிட்டால் எழுந்தபடியே இருக்கும். பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 1990-க்கு முன் நேர்பாதை ஒன்று மட்டும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அங்கே டர்போ ஒரு விநாடி தாமதித்தால் ஓட்டுநர் கொட்டாவி விடுவார், அவ்வளவுதான். குறுந்தடத்தில் நேர்பாதை என்பது இரண்டு வளைவுகளுக்கு நடுவே கிடைக்கும் மூச்சு. அதற்குள் எழாத டர்போ அந்தச் சுற்றில் எழவே இல்லை என்று கொள்க.

குறுந்தடத்திலும் உட்பிரிவு உண்டு. முதலாவது ராலிகிராஸ் தடம்: ஏறக்குறைய 1 கிலோமீட்டர், பாதி தார், பாதி மண், நான்கோ ஆறோ சுற்று, முடிந்தது. இந்த ஆட்டம் பிறந்தது இங்கிலாந்தின் லிட்டன் ஹில்லில், 1967 பிப்ரவரி 4 அன்று. முதல் வெற்றி போர்ஷே 911 ஓட்டிய விக் எல்ஃபர்டுக்கு. அந்தக் காரில் டர்போ இல்லை. பின்னாளில் அந்தத் தடங்களை டர்போவே ஆண்டது.

இரண்டாவது ஜப்பானின் சுகுபா. 1970-இல் திறந்த தடம். சுற்று 2,045 மீட்டர், கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே அளவுதான். மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவுகள் வரிசையாக வரும். இரண்டாவது கொண்டை ஊசியைத் தாண்டிய பிறகு 437 மீட்டர் நேர்பாதை ஒன்று. ஜப்பானில் கார் எஞ்சினில் கைவைக்கும் பட்டறை எதுவாக இருந்தாலும் அதன் தேர்ச்சிச் சான்றிதழ் இங்கேதான் எழுதப்படுகிறது: ஒரு சுற்று, ஒரு நிமிடத்துக்குள் வர முடியுமா? எச்.கே.எஸ். நிறுவனத்தின் சிடி230ஆர் என்னும் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், நொபுதேரு தானிகுச்சியின் கையில், 2007 டிசம்பரில் 53.589 விநாடியில் சுற்றி வந்தது. இந்நூலின் எடுத்துக்காட்டுகளுக்கு இனிச் சுகுபாவே களம்.

மூன்றாவது நகரத் தெரு. மொனாக்கோ 3 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது; ஆனாலும் குணத்தால் குறுந்தடமே. அமெரிக்காவின் அரைமைல் வட்டத்தடங்கள் பெரும்பாலும் டர்போ இல்லாத வி8 எஞ்சின்களின் ஆட்சியில் இருப்பதால் அவை இந்நூலுக்கு அயல்நாடு.

காத்திருப்பு இயல்

எட்டாக் காத்தலும் எட்டும் காத்தலும்
வீண்படு காத்தலும் எனமூ வகைத்தே
தடத்திடை டர்போ தாழ்க்கும் காலை.

என்பது சூத்திரம். எட்டாக் காத்தல் என்பது, எஞ்சின் சுற்று அந்த டர்போவுக்குத் தேவையான அளவுக்குக் கீழே கிடப்பது. 2,500 சுற்றில் வரும் புகைக்கு அந்தச் சக்கரத்தை உரிய வேகத்துக்குக் கொண்டுபோகும் தெம்பு இல்லை. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு பௌர்ணமிவரை காத்திருந்தாலும் முழு பூஸ்ட், அதாவது நெருக்கிய காற்றின் முழு அழுத்தம், வராது. இதற்கு மருந்து இரண்டே: கியரைக் குறைப்பது, அல்லது டர்போவைக் குறைப்பது.

எட்டும் காத்தல் என்பது, சுற்று போதிய அளவு இருந்தும் வளைவுக்குள் காலை எடுத்ததால் தண்டின் வேகம் விழுந்துபோய், மறுபடி மிதித்த பிறகு அது ஏறிவரப் பிடிக்கும் நேரம். காத்திருந்தால் பூஸ்ட் நிச்சயம் வரும். வரும்போது வளைவு முடிந்திருக்கும். சக்கரத்தின் எடை, அதைச் சுற்றியுள்ள கூட்டின் அளவு, சிலிண்டர்களின் புகையைத் திரட்டித் தரும் மேனிஃபோல்டின் நீளம், நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்வரும் குழாயின் கொள்ளளவு எல்லாம் இதில் பங்காளிகள். பழி பெரும்பாலும் சக்கரத்துக்கு.

அஃதேல், இரண்டும் காத்திருப்புத்தானே, எதற்குப் பிரிவு எனின்: மருந்து வேறு என்பதால் பிரிவு. முதல் வகை நோய்க்கு இரண்டாம் வகை மருந்தாக விலை உயர்ந்த பால் பேரிங் டர்போ வாங்கி மாட்டி, அதே 2,500 சுற்றில் அதே சோம்பலைக் கண்டு தலையில் கைவைத்தவர் பலர்.

வீண்படு காத்தலுக்கு டர்போ பொறுப்பன்று. குழாய்க் கிளிப் தளர்ந்து காற்று கசியும். மேனிஃபோல்ட் கேஸ்கெட் வழியே புகை தப்பும். வேஸ்ட்கேட் என்னும் வடிகால் கதவின் ஸ்பிரிங் தளர்ந்து, பூஸ்ட் எழும் முன்பே கதவு லேசாகத் திறந்துகொள்ளும்; சக்கரத்துக்குப் போக வேண்டிய புகை பக்கவாட்டில் போய்விடும். இவை எதுவும் இல்லாவிட்டால் ஓட்டுநர் மூன்றாவது கியரில் வந்திருப்பார்; வர வேண்டியது இரண்டில். டர்போ விற்பவர்கள் இந்த வகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இனி ஒரு கணக்கு. டர்போ அரை விநாடி தாமதித்தால் அந்த நேர்பாதையில் அரை விநாடியும் போச்சு என்று நினைப்போம். அவ்வளவு போகாது. தாமத நேரம் முழுவதும் கார் ஒரே வேகத்தில் உருண்டது என்று வைத்துக்கொண்டால், ஒன்றிலிருந்து, வளைவை விட்டு வெளியேறும் வேகத்துக்கும் நேர்பாதை முடிவில் தொடும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் கழித்து, மிச்சத்தைத் தாமதத்தால் பெருக்கினால் இழப்பு கிடைக்கும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வெளியேறி 200-ஐத் தொடும் நீண்ட பாதையில் அரை விநாடித் தாமதத்துக்கு இழப்பு 0.275 விநாடி. 70-இல் கிளம்பி 125-இல் பிரேக் பிடிக்கும் குட்டைப் பாதையில் 0.22. இப்படி ஒரு நீண்ட பாதையும் மூன்று குட்டைப் பாதையும் உள்ள சுற்றில் மொத்தம் 0.9 விநாடி. தாமத நேரத்திலும் எஞ்சின் பாதி இழுவையாவது தரும் என்று இரக்கம் காட்டினால் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு.

எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது, பெரிய டர்போ தரும் கூடுதல் 50 குதிரைத்திறன். 1,350 கிலோ காரில் 400 குதிரையை 450 ஆக்கி, காற்றுத் தடையைக்கூட மறந்துவிட்டுக் கணக்குப் போட்டாலும், அந்த நீண்ட நேர்பாதையில் மிச்சம் கால் விநாடிதான். குட்டைப் பாதைகளில் டயர் ஏற்கெனவே தாங்கும் எல்லையில் தவிக்கிறது. அங்கே கூடுதல் குதிரைகளுக்கு லாயத்தில்தான் வேலை. ஆகவே வரவு கால் விநாடி, செலவு அரை விநாடி. தடம் நீள நீள இந்தக் கணக்கு தலைகீழாகும்; குறுந்தடக்காரர் நெடுந்தடக்காரரின் பேச்சைக் கேட்டு டர்போ வாங்கலாகாது என்பது இதனாற் பெறப்பட்டது.

சக்கர இயல்

சிற்றாழி விரையும் பேராழி தயங்கும்
விட்டத் தைம்படி வினைசெய லானே.

ஆழி ஈண்டுச் சக்கரம். பிளஸ் ஒன் இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று ஒன்றைப் படித்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்திருப்போம். அது இங்கே வந்து நிற்கிறது. ஒரே வடிவம், ஒரே உலோகம் கொண்ட சக்கரங்களில் இந்தத் தயக்கம் விட்டத்தின் ஐந்தாம் படியாக மாறும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் தயக்கம் 100-இலிருந்து 59-க்கு இறங்கும். சக்கரம் விழுங்கும் காற்று ஏறக்குறைய விட்டத்தின் இரண்டாம் படியாகவே மாறுவதால் அது 100-இலிருந்து 81-க்குத்தான் இறங்கும். 19 கொடுத்து 41 வாங்கும் இப்படியொரு பேரம் டர்போ உலகில் வேறெங்கும் இல்லை. ஒரு அளவு சிறிய டர்போ ஏன் அவ்வளவு வித்தியாசமாக நடந்துகொள்கிறது என்று வியப்பவர்களுக்கு விடை இந்த ஐந்தாம் படியில் இருக்கிறது.

உலோகத்தாலும் சக்கரம் வேறுபடும். கம்ப்ரஸர் சக்கரம் அலுமினியம். ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். அது பாவம் ஒன்றும் அறியாது. டர்பைன் சக்கரம் 1,000 டிகிரி புகையைத் தாங்க வேண்டியிருப்பதால் இன்கோனெல் என்னும் நிக்கல் கலவையில் வார்க்கப்படுகிறது. ஏறக்குறைய 8 கிராம். தண்டின் சோம்பல் முழுக்க இந்த முனையில்தான் குடியிருக்கிறது. எனவே அதைப் பீங்கானில் செய்து பார்த்தார்கள்: 3 கிராமுக்குச் சற்று மேல். 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 காரின் இரண்டு டர்போவிலும் பீங்கான் டர்பைன். தெருவில் விரைந்து எழுந்தது. உரிமையாளர்கள் பூஸ்டைக் கூட்டியதும் சக்கரம் தண்டை விட்டுக் கழன்று தூளாகப் போயிற்று. பந்தய விதிக்காக 1990-இல் 560 கார்கள் மட்டும் செய்த நிஸ்மோ பதிப்பில் நிசானே உலோகச் சக்கரத்துக்குத் திரும்பியது. இதைவிடத் தெளிவான உரை வேண்டுமா?

நடுவழி டைட்டானியம் அலுமினைடு, 4 கிராம். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6-இன் டாமி மாகினென் பதிப்பில் 2000-ஆம் ஆண்டு இத்தகைய டர்பைன் வந்தது; கம்ப்ரஸர் சக்கரத்தையும் சற்றுச் சிறிதாக்கினார்கள். விளம்பரத்தில் காட்டும் உச்ச சக்தி எண் மாறவில்லை. எழும் நேரம் மாறியது. ராலி ஓட்டத் தெரிந்தவர்கள் கூடி முடிவெடுத்தால் பணம் எங்கே போகிறது என்று கவனிக்க.

கூட்டு இயல்

டர்பைன் சக்கரத்தைச் சுற்றி நத்தை வடிவில் ஒரு கூடு. புகை செல்லும் வழியின் குறுக்குவெட்டுப் பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அந்த வழியின் மையம் இருக்கும் தூரத்தால் வகுத்தால் வருவது ஏ/ஆர் எண். காரெட் நிறுவனத்தின் பெயர்பெற்ற ஜிடி30 வரிசையில் இது 0.63, 0.82, 1.06 என மூன்று அளவில் கிடைக்கும். எண் சிறுத்தால் வழி குறுகி, புகை வேகமாகப் பாய்ந்து சக்கரத்தை அடிக்கும். டர்போ சீக்கிரம் எழும். அதே குறுகிய வழி 7,000 சுற்றில் புகைக்குப் போதாது. எஞ்சின் தன் புகையைத் தானே தள்ள முடியாமல் திணறும், சூடு ஏறும், சக்தி மேலே போய்ச் சரியும். சுகுபா போன்ற தடத்தில் இந்தச் சரிவு நேர்பாதையின் கடைசிச் சில மீட்டரில் மட்டும் தலைகாட்டுகிறதா? காட்டட்டும். அது நோய் அன்று, சரியான அளவுக்கான அடையாளம்.

சிக்கனம் அறிந்தோர் இந்த இயலை முதலில் படிப்பர். முழு டர்போவையும் மாற்றும் செலவில்லாமல், கூட்டை மட்டும் ஒரு அளவு இறக்கிப் பார்க்கலாம்.

இரட்டை வழிக் கூடும் உண்டு. டுவின் ஸ்க்ரோல் என்பர். நான்கு சிலிண்டர் எஞ்சின் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். அடுத்தடுத்து வெடிக்கும் சிலிண்டர்களின் புகை ஒரே குழாயில் கலந்தால் ஒன்றின் அலை இன்னொன்றின் முகத்தில் அறையும். எனவே 1-ஐயும் 4-ஐயும் ஒரு வழியில், 2-ஐயும் 3-ஐயும் மறுவழியில் பிரித்துச் சக்கரம்வரை கலக்காமல் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு அடியும் தனியாக விழும். டர்போ தாழ்ந்த சுற்றிலேயே விழித்துக்கொள்ளும். லான்சர் எவல்யூஷன் 1996-இல் நான்காம் பதிப்பிலேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. நான்கு சிலிண்டர் குறுந்தடக் காருக்கு இதைவிட நல்ல முதலீட்டை நான் அறியேன். ஒரே நிபந்தனை: மேனிஃபோல்டும் பிரிந்திருக்க வேண்டும், வேஸ்ட்கேட்டுக்குப் போகும் வழியும் பிரிந்திருக்க வேண்டும். கூட்டில் சுவர் வைத்துவிட்டு மேனிஃபோல்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சுவருக்குக் காசு கொடுத்தவர்கள்.

ஒழிபு இயல்

பேரிங்கைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் சாதாரண வகை மலிவு. பால் பேரிங் விலை கூடுதல், சற்று முன்னதாக எழும். சக்கரமும் கூடும் தவறாகத் தேர்ந்திருந்தால் பால் பேரிங் அந்தத் தவறை வழவழப்பாக்கும்.

அசையும் இதழ் கொண்ட கூடு, தாழ்ந்த சுற்றில் வழியைக் குறுக்கி உயர்ந்த சுற்றில் விரிக்கும். படிக்கவே நாவூறும். டீசல் காரில் இது அன்றாடப் பொருள். பெட்ரோல் புகையின் சூட்டில் இதழ்கள் இறுகிப்போகும். 1989-இல் 500 ஷெல்பி சிஎஸ்எக்ஸ் கார்களில் முயன்றார்கள். 2006-இல் போர்ஷே 911 டர்போ தக்க உலோகம் கண்டு நிலைநிறுத்தியது. பந்தயக் காருக்குப் பின்னாளில் வாங்கி மாட்ட நினைப்போர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஒன்று பெரிதுக்குப் பதில் இரண்டு சிறிது என்னும் கொள்கைக்குச் சான்று ரெனோ. 1977-இல் சில்வர்ஸ்டோனில் ஒற்றை டர்போவுடன் ஃபார்முலா 1-இல் இறங்கிய அந்த மஞ்சள் காரை, அடிக்கடி புகை கக்கி நின்றதால், மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று ஆங்கிலேயர் கேலி செய்தனர். 1979-இல் கேகேகே நிறுவனத்தின் இரண்டு சிறிய டர்போவுக்கு மாறினார்கள். அதே ஆண்டு ஜூலை 1 அன்று டிஜோனில் ஜான்-பியர் ஜபூய் வென்றார். டர்போ காருக்கு ஃபார்முலா 1-இல் அது முதல் வெற்றி. ஐந்தாம் படிச் சூத்திரத்தை இங்கும் கூட்டி உரைக்க.

ஒன்றன்பின் ஒன்றாக எழும் தொடர் டர்போக்களைப் போர்ஷே 959, மஸ்டா ஆர்எக்ஸ்-7 முதலியன கொண்டிருந்தன. மஸ்டாவின் வெற்றிடக் குழாய்ப் பின்னலைப் பிரித்துத் திரும்பப் பூட்டியவர்கள் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. லான்சியா டெல்டா எஸ்4, எஞ்சினோடு பெல்ட்டில் இணைந்த சூப்பர்சார்ஜர் ஒன்றையும் டர்போ ஒன்றையும் சேர்த்தே சுமந்தது. கீழ்ச்சுற்றுக்கு முன்னது, மேல்சுற்றுக்குப் பின்னது. 1985-இல் உலக ராலித் தொடரில் இறங்கிய முதல் ஓட்டத்திலேயே வென்றது. அறிவாளிகள் செய்த கார். உங்கள் கராஜில் செய்ய வேண்டாம்.

நெருப்பு இயல்

டர்போவை எழுப்புவதைவிட உறங்கவே விடாமல் வைப்பது மேல் என்போர் ஒரு சாரார். ஆன்டி-லேக் அவர்களது மதம். ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் காற்றுக்குச் சற்று வழி திறந்து வைத்து, தீப்பொறியை மிகத் தாமதப்படுத்துவார்கள். கலவை சிலிண்டரில் எரிந்து முடியாமல் மேனிஃபோல்டில் போய் வெடிக்கும். அந்த வெடி டர்பைனைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு பட்டாசு கேட்டால் அது இதுதான். மேனிஃபோல்ட் செக்கச் சிவக்கும். டர்பைனின் ஆயுள் பந்தயக் கணக்கில் எண்ணப்படும். நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் ராலிகிராஸுக்கு இது தகும். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 2 விநாடிக்குள் தொடும் அந்தக் கார்களுக்கு வேறு வழியும் இல்லை.

ராலிகிராஸில் ஒரு விதியும் உண்டு: கம்ப்ரஸரின் வாயில் 45 மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு வளையம். துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்குமேல் ஒரு கிராம்கூட உள்ளே போகாது. ஆகவே பெரிய டர்போ வாங்கிப் பயனில்லை. போட்டி முழுக்க எழும் வேகத்தில்தான். ராலியில் 34 மில்லிமீட்டர் வளையம் இருந்தபோது உச்சமே நிமிடத்துக்கு ஏறக்குறைய 13 கிலோ காற்று. 1995-இல் டொயோட்டா, வளையத்தைச் சுற்றிக் காற்று திருட்டுத்தனமாக நுழையும்படி ஒரு பொறியைச் செய்து கட்டலோனியா ராலியில் பிடிபட்டது. 1996 முடியும்வரை தடை. பொறியை ஆய்ந்த அதிகாரிகளே அதன் நுட்பத்தை மெச்சினர் என்பது உரையில் கோடல்.

பெருஞ்செல்வர்க்கு மின்சாரம் உண்டு. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா 1 கார்களில் டர்போ தண்டோடு ஒரு மின்மோட்டார் இணைந்திருந்தது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுவரை அனுமதி. புகைக்காகக் காத்திராமல் மோட்டாரே தண்டைச் சுழற்றியதால் காத்திருப்பு இயல் முழுவதும் அவர்களுக்குத் தள்ளுபடி. செலவு தாங்காமல் 2026 விதிகளில் அதையும் நீக்கிவிட்டார்கள்.

தேர்வோர் இயல்

குதிரை எண்ணுநர் ஒலிக்கு மயங்குநர்
வருங்கால் கருதுநர் பிறர்வழிப் படுநர்
பதிவுநோக் குநரென ஐவர் தேர்வோர்.

குதிரை எண்ணுநர், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ பொறியின் தாளைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். டைனோவில் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்து, கீழிருந்து மேல்வரை நிதானமாக ஏற்றுவார்கள். காலை எடுத்து மறுபடி மிதித்தால் என்ன ஆகும் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இராது. எட்டாக் காத்தலை ஓரளவு அதில் காணலாம். எட்டும் காத்தல் அதன் கண்ணுக்குத் தெரியாது. இவர் தோற்கும்போதும் தாள் அழகாகவே இருக்கும்.

ஒலிக்கு மயங்குநர், கியர் மாற்றும்போது வரும் விசில் சத்தத்துக்காக வாங்குபவர். இவரை வகைப்படுத்தினால் போதும், திருத்த வேண்டியதில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்.

வருங்கால் கருதுநர் மிகப் பெரிய கூட்டம். இன்று 2 லிட்டர் எஞ்சின். அடுத்த ஆண்டு உள்ளே வலுவான பிஸ்டன் போடப் போகிறார். அதற்கு அடுத்த ஆண்டு இன்னும் என்னவோ. எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போதே பெரிய டர்போ. வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்குச் சேர்த்து யூனிஃபார்ம் எடுப்பது போலத்தான். பிள்ளை வளரும், எஞ்சின் வளர்வதில்லை.

பிறர்வழிப் படுநர், இன்னொருவர் காரில் நன்றாக இருந்ததை அப்படியே வாங்குபவர். அந்தக் காரின் எஞ்சின் 2.6 லிட்டர், இவருடையது 1.6.

பதிவுநோக்குநர் ஒருவரே உத்தமர். இவர் செய்வது இது. பழைய டர்போவோடு தடத்தில் ஓடி, தரவுப் பதிவியில் ஒவ்வொரு வளைவை விட்டு வெளியேறும்போதும் எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கிறது என்று பார்ப்பார். அவற்றுள் மிகத் தாழ்ந்த எண்ணைக் குறித்துக்கொள்வார். அதற்குச் சற்றுக் கீழேயே முழு பூஸ்ட் தரக்கூடிய டர்போதான் வேண்டும். பிறகு மேல்முனை: 2 லிட்டர் எஞ்சின், 7,000 சுற்று, வளிமண்டலத்தைப்போல் இரண்டரை மடங்கு அழுத்தம், இன்டர்கூலருக்குப் பின் 45 டிகிரி என்றால் நிமிடத்துக்குத் தேவை ஏறக்குறைய 18 கிலோ காற்று, 400 குதிரைத்திறனுக்கு அது போதும். கம்ப்ரஸர் வரைபடத்தில் இந்தப் புள்ளியைக் குறிப்பார். அது நடுவில் உள்ள திறன் தீவில், அதாவது கம்ப்ரஸர் மிகத் திறமையாக இயங்கும் பகுதியில், சொகுசாக உட்கார்ந்தால் டர்போ பெரிது. வலது ஓரத்துக்குச் சற்று உள்ளே நெருக்கமாக உட்கார்ந்தால் சரி. ஓரத்தைத் தாண்டினால் சிறிது: சூடான காற்றும் அளவுமீறிச் சுழலும் தண்டும் மிஞ்சும். இரண்டு டர்போவுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சிறியதை எடுப்பார். பெரியதை எடுத்தவரைப் பந்தய முடிவுப் பட்டியலில் தமக்குப் பின்னால் பார்ப்பார்.

புறனடை

விதி சொன்னவர் விலக்கும் சொல்ல வேண்டும். நெடுநேரம் ஓடும் பந்தயத்தில் சிறிய டர்போவின் சூடு எஞ்சினைத் தின்னும். அங்கே ஒரு அளவு ஏற்றுக. முன்சக்கர இழுவைக் காரில் டர்போ சட்டென்று எழுந்தால் டயர் சும்மா சுற்றும். அங்கே பூஸ்டைக் கியருக்குக் கியர் மட்டுப்படுத்துக. ஓட்டுநர் மேதையாக இருந்தால் எந்த டர்போவும் சரி: 1981-இல் லேக் நிறைந்த ஃபெராரி 126சிகே காரை மொனாக்கோத் தெருக்களில் ஓட்டி ஜீல் வில்நெவ் வென்றார். அந்தப் பொருள் கடையில் கிடைக்காது.

டர்போவே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு. 1985-இல் எம்ஜி மெட்ரோ 6ஆர்4 காரைச் செய்தவர்கள், லேக்கிலிருந்து தப்பவென்றே 3 லிட்டர் வி6 எஞ்சினை டர்போ இல்லாமல் வைத்தார்கள். ராலியின் குரூப் பி வகுப்பு 1986-இல் மூடப்பட்ட பின் ராலிகிராஸ் தடங்களில் அது நன்றாக ஓடியது. அந்த எஞ்சினின் வழிவந்த 3.5 லிட்டர் வி6 1992-இல் ஜாகுவார் எக்ஸ்ஜே220 காரில் ஏறியது. இரண்டு டர்போ, 542 குதிரைத்திறன். அதில் லேக் இருந்தது.